எம்.எஸ்ஸி. இயற்பியல் கனவுக்கு எந்த எலெக்டிவ் கைகொடுக்கும்?

கேள்வி: விருதுநகர் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. இயற்பியல் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைகிறேன். ஐந்தாம் செமஸ்டரில் நானோ அறிவியல், வானியற்பியல், கணிதமுறை இயற்பியல் மூன்றில் ஒன்றை எலெக்டிவாக எடுக்க வேண்டும். நானோவில் மார்க் எளிதாக வரும் என்கிறார்கள் சீனியர்கள். எனக்கு வானியற்பியலில்தான் ஆசை. ஐஐடியிலோ ஆய்வு நிறுவனத்திலோ மேலே படிக்க விரும்புகிறேன். எதை எடுக்கட்டும்?

பதில்: கணிதமுறை இயற்பியலை எடுங்கள். வானியற்பியலில் ஆசை இருப்பதால் இதை இன்னும் அழுத்தியே சொல்வேன்.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய வானியற்பியல் மேதை சுப்ரமணியன் சந்திரசேகருக்கு அப்போது வயது 19. அந்தப் பயணத்தில் அவர் போட்ட கணக்குதான், வெண்குறுமீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின்) நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற முடிவுக்குக் கொண்டுபோனது. இன்றைய மதிப்பில் அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அந்தக் கணக்குக்குத் தேவைப்பட்டவை குவாண்டம் புள்ளியியலும் சிறப்புச் சார்பியலும். இளநிலையில் வானியற்பியல் தாள் விண்மீன்களை அறிமுகப்படுத்தும், அது நல்லதுதான். ஆனால் அதை விடுமுறையில் நீங்களே படித்துக்கொள்ளலாம். கணக்குப் போடும் கைப்பழக்கம் அப்படி வராது. வாராவாரம் ஒருவர் வீட்டுப்பாடம் கொடுத்து, திருத்தித் தந்தால்தான் வரும்.

ஒரு உதாரணம் பாருங்கள். எம்.எஸ்ஸி. முதல் செமஸ்டரில் ஹைட்ரஜன் அணுவை நடத்துவார்கள். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கோள ஆயங்களில் எழுதி, ஆரத்தையும் கோணங்களையும் தனித்தனியாகப் பிரித்தால், கோணப் பகுதியில் லெஜாந்தர் சமன்பாடு வந்து நிற்கும். சீரான மின்புலத்தில் ஓர் உலோகக் கோளத்தை வைத்து அதைச் சுற்றியுள்ள மின்னழுத்தத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கை இளநிலையிலேயே போட்டவருக்கு இது பழகிய முகம். "அதே சமன்பாடுதானே" என்று சொல்லிவிட்டு, அணுவைப் பற்றி யோசிக்கப் போய்விடுவார். போடாதவர் சமன்பாட்டோடு மல்லுக்கட்டுவதிலேயே அந்த வாரம் போய்விடும். எத்தனையோ நல்ல மாணவர்கள் அந்த வாரத்தில் மனம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். அறிவுக்குறைவு எதுவும் இல்லை, முன்பே யாரும் அந்தக் கணக்கைப் போடவைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, நுழைவுத் தேர்வுக்கு வருவோம். ஐஐடிகளின் எம்.எஸ்ஸி. படிப்புக்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள். அதில் 20 கேள்விகளுக்கு விடைத் தெரிவுகளே இருக்காது, எண்ணை நீங்களே கணக்கிட்டு உள்ளிட வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. பிப்ரவரியில் ஆறாம் செமஸ்டர் முடிந்திருக்காது. பல கல்லூரிகளில் குவாண்டம் இயக்கவியலோ திடநிலை இயற்பியலோ அந்த செமஸ்டரில்தான் வரும். ஜாம் பாடத்திட்டத்தில் இரண்டுமே உண்டு. அதனால் எலெக்டிவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், ஆறாம் செமஸ்டரில் உங்களுக்கு என்ன பாடங்கள் என்று பாருங்கள். அவற்றை இந்த ஜூலையிலேயே சொந்தமாகத் தொடங்க வேண்டும். இணையவழிப் பாடங்கள் தரும் என்பிடெல் தளத்தில் ஜூலையில் தொடங்கும் 8 வார, 12 வாரப் பாடங்கள் இதற்கு வசதி. வீடியோவை ஓடவிட்டால் மட்டும் போதாது, அந்தந்த வார அசைன்மென்ட்டைக் கட்டாயம் போடுங்கள்.

தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அதில் கேள்விகள் இன்னும் ஆழமானவை, பிறகு நேர்காணலும் உண்டு. அங்கே போர்டில் எழுதிக் காட்டச் சொல்வார்கள். எலெக்டிவின் பெயரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இயக்கவியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், குவாண்டம் இவற்றின் அடிப்படையைத்தான் தோண்டுவார்கள். முதலாண்டு அலைடு கணித நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பகுதி வகைக்கெழு, திசையன் நுண்கணிதம், அணிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

நானோ அறிவியலைப் பொறுத்தவரை, மார்க்குக்காக மட்டும் என்றால் வேண்டாம். உங்கள் துறையில் அந்தத் தாளை நடத்தும் ஆசிரியர் ஆய்வகத்தில் மாதிரிகள் தயாரித்து, அவற்றின் அணு அடுக்கை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (எக்ஸ்ஆர்டி) எடுத்துப் பார்ப்பவர் என்றால் கதை வேறு. அப்போதும் எலெக்டிவை மாற்ற வேண்டாம், ஆறாம் செமஸ்டர் ப்ராஜெக்டை அவரிடம் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். உங்களோடு நான்கு மாதம் ஆய்வகத்தில் நின்றவர் எழுதும் கடிதத்தில் "வகுப்பில் முதல் மாணவர்" என்பதைத் தாண்டி எழுத நிறைய இருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஜாம் இணையதளத்தில் பழைய வினாத்தாள் ஒன்றை இறக்கி அச்செடுங்கள். விடை காண முயல வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அது உங்கள் எந்த செமஸ்டர் பாடம் என்று மட்டும் பென்சிலால் குறியுங்கள். ஆறு என்று எழுதியவற்றையும் எதுவும் எழுத முடியாமல் விட்டவற்றையும் தனியாக ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள். பிப்ரவரிக்குள் நீங்கள் சொந்தமாகப் படிக்க வேண்டிய பாடங்கள் அந்தத் தாளில் இருக்கும்.