முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் துணிக்கடை நடத்துகிறேன். எங்கள் இணையதளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. தளத்தை அமைத்துத் தந்தவர், சான்றிதழுக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் ஆகும், மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்கிறார். கடையின் பழைய கணினியில் வங்கித் தளமே திறக்க மறுக்கிறது. அதுவும் சரியாகிவிடுமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். யாரோ உங்கள் தளத்தை உடைத்து நுழைந்துவிட்டார்கள் என்று அந்த வாசகத்துக்குப் பொருள் இல்லை.

வாடிக்கையாளர் உங்கள் முகவரியைத் தட்டியதும், அவருடைய பிரவுசர் (இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி) அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கேட்டு அறிந்து, அந்த எண்ணில் இருக்கும் சர்வரிடம், அதாவது உங்கள் தளத்தை வைத்திருக்கும் கணினியிடம், 'முதல் பக்கத்தைக் கொடு' என்று கேட்கிறது. சர்வர் அனுப்புகிறது. எச்டிடிபி (http) என்ற பழைய முறையில் இந்தப் போக்குவரத்து, மூடாத சரக்கை லாரியில் ஏற்றுவது போன்றது. வழியில் இருப்பவர் பார்க்கலாம். ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கவும் செய்யலாம். எச்டிடிபிஎஸ் (https) என்ற பாதுகாப்பான முறையில் சர்வர் முதலில், 'இந்தப் பெயருக்குரிய தளம் நான்தான்' என்று உறுதி சொல்லும் தன் சான்றிதழைக் காட்டுகிறது. பிரவுசரும் சர்வரும் ஒரு ரகசியச் சாவியை முடிவு செய்துகொண்டு, அதன் பிறகு எல்லாவற்றையும் பூட்டியே அனுப்புகின்றன. உங்களிடம் இல்லாதது அந்தச் சான்றிதழ்தான். அது இல்லாத எல்லாத் தளங்களையும் குரோம் பிரவுசர் 2018 ஜூலை முதல் இப்படித்தான் குறிக்கிறது. எச்சரிக்கத் தெரிந்தவர்கள், சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை சிறு வணிகர்களின் பணம் மிஞ்சியிருக்கும்!

ஆம், இலவசம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 முதல் வழங்கிவருகிறது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழின் பூட்டைவிட இந்தப் பூட்டு பலவீனமானது அல்ல. குறுகிய காலத்திலேயே காலாவதியாகும். சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். தளத்தை வைக்க சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பெரும்பாலானவற்றின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இதற்கென ஒரு பொத்தானே உண்டு. அதை அழுத்திவிட்டு 9,000 ரூபாய்க்கு பில் நீட்டுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மூன்று ஆண்டுச் சான்றிதழ் என்ற பேச்சே தவறு. 2020 செப்டம்பரிலேயே பிரவுசர்கள் புதிய சான்றிதழின் ஆயுளை 398 நாளுக்குள் அடக்கிவிட்டன; அதன் பிறகு அந்த வரம்பு இன்னும் குறைந்துவருகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உங்கள் தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அமைத்துத் தந்தவரின் பெயரில் என்றால், கடைப் பலகை உங்களுடையது, கடைச் சாவி அவருடையது. தளப் பெயர்களின் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம் என்றால், உரிமையாளர் விவரத்தைப் பெரும்பாலும் மறைத்தே காட்டுகிறார்கள். தன் பெயர் தன்னிடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வணிகர் இடைத்தரகரையே கேட்க வேண்டியிருப்பது என்ன ஏற்பாடு? பதிவுக் கணக்கை உங்கள் மின்னஞ்சலுக்கும் கைபேசி எண்ணுக்கும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தாலோ தள்ளிப்போட்டாலோ, தளத்தின் பெயரைப் பதிவு செய்து தந்த நிறுவனத்துக்கு நீங்களே பில்களுடன் எழுதுங்கள்.

கடைக் கணினியின் சிக்கல் வேறு. எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் அது தீராது. ஒவ்வொரு சான்றிதழிலும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு; பிரவுசர் அவற்றை அந்தக் கணினியின் தேதியோடு ஒப்பிடுகிறது. கணினி 2009 என்று நினைத்துக்கொண்டிருந்தால், வங்கியின் சரியான சான்றிதழும் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் ஒரு கணினியில் மட்டும் பல தளங்கள் மறுக்கப்படுகின்றன, உங்கள் கைபேசியில் அதே வங்கி திறக்கிறது. எச்சரிக்கையைத் தாண்டிப் போய் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டிவிடாதீர்கள். மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். திருத்திய பிறகும், மின்சாரம் போய் வந்ததும் பழைய தேதிக்கே திரும்பினால், உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர் 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கொடுப்பார்கள்.