கல்லைப் படிக்கிற பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும்?

வணக்கம் ஆச்சி. வேற்றுக் கிரகங்களின் பாறையையும் எரிமலையையும் படிக்க ஆசைப்படும் உங்கள் மகளோடு சனிக்கிழமை காரைக்குடிக்கு என்னைப் பார்க்க வந்தபோது நீங்கள் கேட்டது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "வெள்ளி கிரகத்துக்கு யாருமே போக முடியாதாமே, அப்புறம் அங்கே இருக்கிற எரிமலையை இவ எப்படிப் படிப்பா?" அன்றைக்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவள் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த செம்புறாங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

வெள்ளியை எப்போதும் மேகம் மூடியிருக்கும். தரையில் சுமார் 460 டிகிரி சூடு. சாதாரண கேமராவுக்குத் தரை தெரியாது. ரேடார் அலை மேகத்தைத் துளைத்துப் போய், தரையில் பட்டுத் திரும்பும். கரடுமுரடான பாறை படத்தில் வெளுப்பாக விழும், வழுவழுப்பானது கறுப்பாக விழும். 1990-களின் தொடக்கத்தில் நாசாவின் மெகல்லன் விண்கலம் இப்படித்தான் படம் எடுத்தது. 1991-இல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர் ராபர்ட் ஹெரிக் ஒப்பிட்டுப் பார்த்தார். மாத் மோன்ஸ் எரிமலைப் பகுதியில் ஒரு வாய் அகன்று, வடிவம் மாறியிருந்தது. அது வெளியானது 2023-இல். முப்பது வருஷத்துக்கு மேலாக யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடைத்த படங்கள் அவை. அப்படிப்பட்ட படங்களை உங்கள் மகளும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்க்கலாம், காசில்லாமல்.

ஆனால் படம் மட்டும் போதாது. ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) செய்கிறவர் கண்ணாடி மேல் சாயம் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர்க்கக் கரைத்தது ஓடிப் பரவும், கெட்டியாகக் கரைத்தது ஊற்றிய இடத்திலேயே குவியும். எரிமலைக் குழம்பும் அப்படித்தான். வெள்ளியில் சுமார் 25 கிலோமீட்டர் அகலத்தில், ஊத்தப்பம் மாதிரி வட்டமாகத் தடித்த மேடுகள் இருக்கின்றன. கெட்டிக் குழம்பு என்று ஊகிப்பது அந்த வடிவத்தை வைத்துத்தான். கையால் தொட்டுப் பழகிய கண்ணுக்குத்தான் இது பிடிபடும். அதனால்தான் வெள்ளிக்குப் போகவிருக்கும் வெரிட்டாஸ் விண்கலக் குழு 2023-இல் ஐஸ்லாந்துக்குப் போனது. மேலே விமானத்திலிருந்து ரேடார் படம் எடுத்தார்கள், கீழே அதே பாறைமேல் நடந்து சரிபார்த்தார்கள்.

அப்படித் தொட்டுப் பழக நம் நாட்டிலும் பாறை உண்டு. மகாராஷ்டிரத்தின் தக்காணப் பாறைகள், சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன் ஓடிய குழம்பு. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறை எரிமலைப் பாறை இல்லை, ஆனால் நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருங்கிய சொந்தம். இஸ்ரோ அதை இடித்துப் பொடியாக்கித்தான் செயற்கை நிலா மண் செய்தது. ஒருநாள் அவளை அங்கே கூட்டிப்போய் வாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இந்தியாவில் கிரகப் பாறை படிக்கிற இடம் குறைவு, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் மாதிரி. அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அதனால் முதலில் பி.எஸ்சி. ஜியாலஜி, அதாவது நிலவியல். பெயரில் 'ஸ்பேஸ்' என்று இருக்கிறதே என்று லட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படிச் சேர்ந்து, மூன்று வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் களப்பயணம் போனான். சேரும் முன், வருஷத்துக்கு எத்தனை நாள் களத்துக்குக் கூட்டிப் போவார்கள் என்று கேளுங்கள். பெண்பிள்ளைகளோடு பேராசிரியை யாராவது போவார்களா, எங்கே தங்க வைப்பார்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். அந்தக் கவலை நியாயமானது.

அப்புறம் ஐ.ஐ.டி. நடத்தும் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி., கூடவே ரிமோட் சென்சிங், அதாவது மேலிருந்து எடுத்த படத்தை வைத்து நிலத்தைப் படிப்பது. கிரகம் கைகூடாவிட்டாலும் நிலத்தடி நீர், கனிமம், மண்சரிவு என்று சோறு போடும் திறமை அது. யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக மத்திய அரசு வேலையும் உண்டு. ஆராய்ச்சிக்குப் போனால், நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய். 2023-இல் உயர்த்திய தொகை. படித்துக்கொண்டே வாங்கலாம்.

இந்தியாவின் வெள்ளி விண்கலத்துக்கு 2024 செப்டம்பரில் அமைச்சரவை 1,236 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2028 மார்ச்சில் ஏவத் திட்டம். அந்தப் படங்கள் வந்து சேரும் காலத்தில் இவள் கல்லூரியில் இருப்பாள்.

அவளுடைய அப்பச்சியையும் அடுத்த வாரம் கூட்டி வாருங்கள், ஆச்சி. கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அந்தக் கல்லையும் எடுத்து வரட்டும், அதில் ஏன் அத்தனை துளை என்று அவளையே கேட்க வேண்டும்.