எகிப்து ஆப்பிரிக்காவை ஆண்டது எப்படி? கேள்வி பதில்

கால்பந்தில் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை எகிப்து ஏழு முறை வென்றிருக்கிறது: 1957, 1959, 1986, 1998, 2006, 2008, 2010. அடுத்த இடத்தில் இருக்கும் கேமரூனிடம் ஐந்துதான். எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கேளுங்கள், தெரிந்த வரை சொல்கிறேன். யார் எந்த கிளப்புக்குப் போகிறார் என்ற வதந்தியெல்லாம் இங்கே வேண்டாம்.

கடற்கரைப் பந்து: ஏழு கோப்பைக்கும் ஒரே காரணம் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

ஏழையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 1957-இல் கார்ட்டூமில் நடந்த முதல் போட்டியில் ஆடியவை மூன்றே அணிகள்: எகிப்து, சூடான், எத்தியோப்பியா. நிறவெறிக் கொள்கையால் தென்னாப்பிரிக்கா வெளியே நின்றது. எகிப்து ஆடியது இரண்டு ஆட்டம். இறுதியில் எத்தியோப்பியாவை 4-0 என்று வென்றது, நான்கையும் அடித்தவர் அத்-திபா. 1959-இலும் மூன்று அணிகள்தான். 1986-இல் எட்டு, அதுவும் எகிப்திலேயே, கடைசியில் பெனால்டியில். 1998-இலிருந்துதான் 16 அணிகள். ஆகவே என் எச்சரிக்கை: கோப்பையை எண்ணும்போது அணிகளையும் எண்ணுங்கள்.

வலதுகால்: சரி, அப்படியானால் 2006, 2008, 2010? தொடர்ந்து மூன்று சும்மா வருமா?

இதுதான் சரியான கேள்வி. தொடர்ந்து மூன்று முறை வென்ற நாடு வேறு இல்லை. மூன்றுக்கும் பயிற்சியாளர் ஹசன் ஷெஹாத்தா.

அந்தக் காலத்து ஐவரி கோஸ்ட், கேமரூன், கானா அணிகளின் பட்டியலைப் பாருங்கள். ட்ரோக்பா, எட்டோ, எஸ்ஸியன் என்று எல்லோரும் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் இருந்தார்கள். போட்டி நடந்ததோ ஜனவரியில், ஐரோப்பிய லீக்குகள் மும்முரமாக இருக்கும் நேரத்தில். கிளப் முனகிக்கொண்டே விடும். ஆட்டக்காரர் வந்து சேர்ந்து, சில நாள் பயிற்சி எடுத்து, நேராகக் களத்தில் இறங்குவார். எகிப்து வீரர்களில் பெரும்பாலோர் கெய்ரோவிலேயே இருந்தார்கள். அல் அஹ்லி, ஸமாலெக் என்ற கெய்ரோ கிளப்புகள், கொஞ்சம் இஸ்மாய்லியா நகரத்து இஸ்மாய்லி. ஆண்டு முழுக்க ஒன்றாகவோ எதிரெதிராகவோ ஆடி, யார் எந்தக் காலில் பந்தைக் கேட்பார் என்பது வரை தெரிந்தவர்கள்.

ஏன் வெளியே போகவில்லை? எகிப்து லீக்கில் ஓரளவு நல்ல சம்பளம் இருந்தது, மைதானம் நிறையக் கூட்டம் இருந்தது, அஹ்லி சட்டைக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. அந்த அணியின் நட்சத்திரம் அபூத்ரிகா ஐரோப்பாவில் ஒரு நாளும் ஆடியதில்லை. ஆனால் மானுவேல் ஜோசே என்ற போர்ச்சுகீசியப் பயிற்சியாளரின் கீழ் அல் அஹ்லி 2001, 2005, 2006, 2008 ஆண்டுகளில் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அதாவது, கண்டத்தின் வெயிலிலும் சேற்றிலும் ஜெயிப்பது எப்படி என்பதைத் தேசிய அணியின் பாதிப் பேர் கிளப்பிலேயே கற்றுவிட்டார்கள். ஷெஹாத்தாவுக்கு மிச்சமிருந்தது 3-5-2 அமைப்பில் (பின்னே மூன்று, நடுவே ஐந்து, முன்னே இரண்டு) அவர்களை அடுக்குவது. அதை அவர் மிக நன்றாகச் செய்தார்.

பெயர்களையும் அவர் பார்க்கமாட்டார். 2006 அரையிறுதியில் செனகலுக்கு எதிராக மிடோவை வெளியே அழைத்தார். மிடோ அப்போது இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப் ஆட்டக்காரர், அணியிலேயே பெரிய பெயர். எல்லைக்கோட்டில் நின்று பயிற்சியாளரோடு சண்டையே போட்டார். பதிலுக்கு இறங்கிய அம்ர் ஸக்கி, இறங்கிய கையோடு தலையால் முட்டி வெற்றி கோலை அடித்தார். இறுதிப் போட்டியில் மிடோவுக்கு இடமில்லை.

மாட்டுத்தாவணி மிட்ஃபீல்டர்: சாலா மாதிரி ஒரு நட்சத்திரம் இருந்தும் எகிப்து ஏன் ஜெயிக்கவில்லை?

2017 இறுதியில் கேமரூனிடம் 2-1. 2022 பிப்ரவரியில் செனகலிடம் பெனால்டியில். இரண்டு முறை வாசல்வரை போனார்கள். மேலே சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்: ஒரு ஆள் கோப்பை வாங்கித் தருவதில்லை.

ஆஃப்சைடு: அண்ணே, நான் தோஹாவில் இருக்கிறேன். இங்கே என்னோடு வேலை பார்க்கும் அல்ஜீரியாக்காரர்கள் சொல்வது வேறு. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகமே கெய்ரோ பக்கம். நடுவர்கள் யார் பக்கம் என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

அல்ஜீரியாக்காரரிடம் எகிப்தைப் பற்றிக் கேட்டால் வேறென்ன வரும் தம்பி. ஆனாலும் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2010 காலிறுதி, கேமரூனுக்கு எதிரே. அஹமது ஹசனின் ஃப்ரீகிக் மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. பந்து கோட்டைத் தாண்டவே இல்லை, நடுவர் கோல் கொடுத்தார். அது அநியாயம்தான். ஆனால் அப்போதே எகிப்து 2-1 என்று முன்னிலையில் இருந்தது.

ஆஃப்சைடு: அரையிறுதி? அல்ஜீரியாவில் மூன்று பேருக்குச் சிவப்பு அட்டை! 4-0 பின்னே எப்படி வரும்?

அந்த நடுவர் பெனினைச் சேர்ந்த கோஃபி கோட்ஜியா. கூட்டமைப்பு அவரை இடைநீக்கம் செய்தது உண்மை. எதற்காக என்று உங்கள் நண்பர்கள் சொன்னார்களா? அல்ஜீரிய கோல்கீப்பர் ஷாவுஷி அவரைத் தலையால் முட்டியபோது உடனே வெளியேற்றாமல் விட்டதற்காக!

ஈடன் கார்டன் கேட்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தலைமையகம் ஒரு காரணம் என்றால் 2012, 2013, 2015-இல் எகிப்து தகுதியே பெறவில்லையே? கட்டடத்தை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா?

நன்றி. நான் தட்டச்சு செய்ய இருந்ததை நீங்களே செய்துவிட்டீர்கள்.

ஆஃப்சைடு: சொந்த மண்ணில் நடத்தினால் மட்டும் ஜெயிப்பார்கள், அவ்வளவுதான்.

1959, 1986, 2006 சொந்த மண். 1957 சூடான், 1998 புர்கினா ஃபாசோ, 2008 கானா, 2010 அங்கோலா. நான்கு வெளியே, மூன்று உள்ளே. 1974-இலும் 2019-இலும் சொந்த மண்ணில் நடத்தியே தோற்றார்கள். 2019-இல் தென்னாப்பிரிக்கா கடைசி 16-லேயே அனுப்பிவைத்தது. இந்த வழக்கை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். தோஹாவில் உங்கள் நண்பர்களுக்கு என் வணக்கம்.

கரிசல்: அதே அணி உலகக்கோப்பைக்குப் போகவில்லையே. அப்போது என்ன பெரிய அணி?

நியாயமான குத்தல். 2006-க்கும் போகவில்லை, 2010-க்கும் போகவில்லை. குழுவில் முதலிடம் வந்தால் மட்டுமே உலகக்கோப்பை, அதுதான் அப்போதைய விதி. 2006-க்கான குழுவில் ஐவரி கோஸ்ட், கேமரூன் இரண்டும் இருந்தன. 2010-க்கான குழுவில் ஜாம்பியாவோடு வீட்டிலேயே 1-1, அல்ஜீரியாவில் 3-1 தோல்வி. கெய்ரோவில் 2-0 என்று பழிதீர்த்ததும் இரு அணிகளும் புள்ளியிலும் கோலிலும் சமம். 2009 நவம்பர் 18 அன்று சூடானின் ஓம்துர்மானில் தனி ஆட்டம். அந்தர் யஹியா அடித்த ஒரே கோலில் அல்ஜீரியா போனது. அதே ஆண்டு ஜூனில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் எகிப்து உலகச் சாம்பியன் இத்தாலியை 1-0 என்று வென்றிருந்தது, பிரேசிலிடம் 4-3 வரை போய்த் தோற்றது. மூன்று வாரம் ஒன்றாகத் தங்கி ஆடும் போட்டி இவர்களுக்கு வாகானது. ஓராண்டு முழுக்க விட்டுவிட்டு ஆடும் தகுதிச்சுற்றில் உள்ளூர் அணியின் அந்த ஒட்டுறவு பாதி வீண்.

பழைய ரேடியோ: போர்ட் சைட் கலவரத்தால்தானே அணி அழிந்தது?

எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், தேதியைப் பார்ப்பதில்லை. போர்ட் சைட் மைதானத்தில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தது 2012 பிப்ரவரி 1. 2012 கோப்பைக்கான தகுதிச்சுற்றில் எகிப்து அதற்கு முன்பே தோற்றுவிட்டது. 2010 செப்டம்பரில் சியரா லியோனோடு 1-1, அடுத்த மாதம் நைஜரிடம் 1-0 தோல்வி. மூன்று கோப்பை வென்றவர்களையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் ஷெஹாத்தா. அவர்களுக்கு வயதாகிவிட்டது. போர்ட் சைடுக்குப் பிறகு லீக்கே நின்றுபோனதால், அடுத்த தலைமுறை வளர வேண்டிய இடம் இல்லாமல் போனது. அந்த இடைவெளியில்தான், 2012 மார்ச்சில், சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் எகிப்தின் இளையோர் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்தது. பிற்பாதியில் இறங்கி இரண்டு கோல் அடித்த பையனை ஒப்பந்தம் செய்தது. பெயர் முகமது சாலா. உள்ளூரிலேயே ஆடி ஜெயித்த தலைமுறை முடிந்ததும் வெளியே போகும் தலைமுறை தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே நேரம்.

சாலா ரசிகர் 11: சாலா ஏன் கோப்பை வெல்லவில்லை?

மேலே.

வெள்ளைச் சட்டை: சாலாவா, அபூத்ரிகாவா?

கோப்பை என்றால் அபூத்ரிகா. மற்றதற்குச் சாலா.

பனங்காடு: ஏழு கோப்பை, கேமரூனுக்கு ஐந்து, அப்போது எகிப்துதான் எல்லாக் காலத்திலும் சிறந்தது, சரியா?

அணிகளையும் எண்ணச் சொன்னேனே. 1957, 1959 இரண்டையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

தூரல்: ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வென்றவர் யாராவது உண்டா?

மஹ்மூத் அல்-கோஹரி. 1959-இல் ஆட்டக்காரர், 1998-இல் பயிற்சியாளர். நடுவில் 1990-இல் எகிப்தை உலகக்கோப்பைக்கும் கூட்டிப்போனார், 1934-க்குப் பிறகு முதல் முறையாக. இவரைப் பற்றி இன்னும் கேட்பீர்கள் என்று நினைத்தேன். எல்லோருக்கும் சாலாதான் வேண்டியிருக்கிறது.

நடுக்கோடு: இந்தியா இதைப் பார்த்து என்ன கற்கலாம்?

அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

புதுசு: நான் அந்தக் கால ஆட்டம் எதையும் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் பார்ப்பதென்றால்?

2008 அரையிறுதி, குமாசி, ஐவரி கோஸ்ட்டை 4-1 என்று வென்றது. இறுதி ஆட்டத்தை எல்லோரும் சொல்வார்கள். 77-ஆவது நிமிடத்தில் கேமரூனின் ரிகோபர்ட் சாங்கிடமிருந்து எகிப்தின் முகமது ஸிதான் பந்தைப் பறித்துக் கொடுக்க, அபூத்ரிகா அடித்தார், 1-0. அதைப் பிறகு பாருங்கள். அரையிறுதியில் பந்தை விட்டுவிட்டு எகிப்தின் டிஃபெண்டர் வாயெல் கோமாவை மட்டும் கவனியுங்கள். ட்ரோக்பா எங்கே போகப்போகிறாரோ அங்கே இவர் முன்கூட்டியே நிற்பார்.