நிருபரா, உளவாளியா?

கேள்வி: வெளிநாட்டு நிருபர்களை அவ்வப்போது 'உளவாளி' என்று பிடித்து உள்ளே போடுகிறார்களே, நெருப்பில்லாமல் புகையுமா?

பதில்: சில சமயம் நெருப்பு மூட்டியவர் ஒருவர், சூடுபட்டவர் வேறொருவர். நிகோலஸ் டானிலாஃப் கதையைப் பாருங்கள். மாஸ்கோவில் ஓர் அமெரிக்க வார இதழின் நிருபர், ஊர் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர். 1986 ஆகஸ்ட் 30 அன்று பழக்கமான ரஷ்ய இளைஞர் ஒருவரிடம் விடைபெறப் போனார். அவர் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுப் போக, அடுத்த சில நிமிடங்களில் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். பிரித்தால் உள்ளே ரகசிய வரைபடங்கள்! ஒரு வாரத்துக்கு முன்பு சகாரோவ் என்ற சோவியத் உளவாளியை நியூயார்க்கில் எஃப்பிஐ பிடித்திருந்தது, மாற்றிக்கொள்ள மாஸ்கோவுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு எரிச்சல் தருவது இதற்கு முந்தைய கதை. 1985-ல் ஒரு பாதிரியார் என்று சொல்லிக்கொண்டவர் டானிலாஃபுக்கு ஒரு உறை அனுப்பியிருந்தார், பிரித்தால் அது அமெரிக்க அரசுக்கான கடிதம். நமக்கெதற்கு வம்பு என்று அவர் அதைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட்டார். அங்கிருந்து அது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ கைக்குப் போனது, அவர்களோ அந்தப் பாதிரியாரைத் தொடர்புகொள்ளும்போது டானிலாஃபின் பெயரையும் இழுத்துவிட்டார்கள். அப்புறம் கேஜிபி விசாரணை அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்? லெஃபோர்தோவோ சிறையில் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். செப்டம்பர் கடைசியில் சகாரோவும் இவரும் அவரவர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கேள்வி: அப்படியானால் நிருபர் வேஷத்தில் நிஜ உளவாளிகளே இல்லையா?

பதில்: இல்லாமலா! ரிச்சர்ட் சோர்கே டோக்கியோவில் ஜெர்மன் பத்திரிகையின் நிருபர், ஜெர்மன் தூதருக்கு நெருங்கிய நண்பர், மாஸ்கோவுக்கு ஏதோ சும்மா உதவியவர் என்று நினைத்துவிடாதீர்கள், சோவியத் ராணுவ உளவுத்துறையின் முழுநேர ஆள் அவர். 1941-ல் பிடிபட்டு 1944-ல் தூக்கிலிடப்பட்டார். இவரைப் போன்றவர்களைக் காட்டித்தான் மற்ற நிருபர்களையும் சந்தேகிக்கிறார்கள்.

கேள்வி: நிருபர்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று சிஐஏ உறுதி கொடுத்ததே?

பதில்: கொடுத்தது, 1976-ல். அங்கீகாரம் பெற்ற அமெரிக்க நிருபர்களுக்குக் காசு கொடுத்து வேலை வாங்க மாட்டோம் என்றார்கள். சரி, நல்லது. ஆனால் தேவைப்பட்டால் இயக்குநர் விதிவிலக்குத் தரலாம் என்று அடுத்த ஆண்டே ஓர் ஓட்டையும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஓட்டையைப் பற்றி 1996-ல் பெரிய சர்ச்சையே நடந்தது. அடைக்கவில்லை.