மோட்டாருக்கு முன்னால் சக்கரத்தைப் பாருங்கள்: எலெக்ட்ரிக் கார்கோ சைக்கிள் கேள்வி பதில்

மந்தைவெளியில் இட்லி மாவு அரைத்து மயிலாப்பூர், அபிராமபுரம், அடையார் பக்கம் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் போடுகிறேன். 2019லிருந்து மாவு முழுக்க எலெக்ட்ரிக் கார்கோ சைக்கிளில்தான் போகிறது. பின்பக்கம் நீண்ட வண்டி, 20 அங்குலச் சக்கரம், பின்சக்கரத்துக்குள்ளேயே 250 வாட் கியர் மோட்டார் (ஹப் மோட்டார் என்பது இதைத்தான்), 48 வோல்ட் 15 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. காலையில் கிளம்பும்போது 60 கிலோ ஏற்றியிருப்பேன். ரிப்பேர் வேலையெல்லாம் நானே கற்றுக்கொண்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வேளச்சேரியில் தண்ணீர் கேன் போடுபவர்: அக்கா, அப்பாவோட பழைய பெரிய சைக்கிள் இருக்கு. அதில் மோட்டார் கிட் மாட்டி ஒரே தடவையில் 4 கேன் கொண்டு போகணும். 250 வாட் இழுக்குமா, இல்லை 1000 வாட் வாங்கட்டுமா?

தம்பி, 4 கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 80 கிலோ. நீங்கள், வண்டி எல்லாம் சேர்த்தால் 180 கிலோ வரும். சென்னை தட்டையான ஊர், சமதளத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போக இந்த எடைக்கு 100 வாட் பக்கம்தான் செலவாகும். மேம்பாலம் ஏறும்போதுதான் 350, 400 வாட் கேட்கும். நீங்களும் மிதித்தால் 250 வாட் மோட்டார் அதைச் சமாளிக்கும், கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். 250 என்பது தொடர்ந்து தரக்கூடிய அளவு, சில நிமிஷத்துக்கு அதற்கு மேலேயும் தரும்.

1000 வாட் போட்டால் சட்டப்படி அது சைக்கிளே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் விலக்கு கிடைப்பது மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரியைக் கழித்து வண்டி எடை 60 கிலோவுக்கு மிகாமல், சோதனை நிறுவனத்தின் சான்றோடு இருக்கிற வண்டிக்குத்தான். அதைத் தாண்டினால் நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். இது எதுவும் இல்லாமல் யாரையாவது இடித்துவிட்டால் வருகிற செலவு முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

ஆனால் நான் பயப்படுவது மோட்டாரைப் பற்றி இல்லை. அந்தப் பழைய சைக்கிளில் கம்பி பிரேக்கா? ஸ்டீல் ரிம்மில் ரப்பர் கட்டை உரசுகிற பிரேக் மழையில் பாதிகூடப் பிடிக்காது. எடை இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய வேலையும் இரண்டு மடங்கு. முதலில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாட்டக்கூடிய ஃபோர்க், அப்புறம் நல்ல ரிம், அதற்கு அப்புறம்தான் மோட்டார். இதற்குப் பணம் போதவில்லை என்றால் 2 கேனோடு இரண்டு நடை போங்கள். 4 கேனைப் பழைய பிரேக்கில் ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

பெரம்பூர்: பின்சக்கரத்தில் மாசத்துக்கு இரண்டு ஸ்போக்ஸ் உடைகிறது. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் உடைந்ததை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார். என்ன செய்வது?

எனக்கும் முதல் வருஷம் இதேதான். விடியற்காலை ஐந்து மணிக்கு லஸ் பக்கம் போகும்போது "டிங்" என்று ஒரு சத்தம், கொஞ்ச தூரத்தில் சக்கரம் ஆட ஆரம்பிக்கும், ஒரு பக்கம் பிரேக்கில் உரசும். மூன்றாவது தடவை உடைந்த கம்பியைக் கையில் வைத்துப் பார்த்தேன். மூன்றுமே ஒரே இடத்தில் உடைந்திருந்தன, மோட்டார் ஓட்டையில் மாட்டுகிற அந்த வளைவில். நடுவில் எதுவும் உடையவில்லை.

காரணம் ரொம்ப எளிது. ஸ்போக்ஸ் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது தொய்ந்து, மேலே போகும்போது இழுபடும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து உடைப்போமே, அதே கதை. உடைந்ததை மட்டும் மாற்றினால் மற்றவையும் அதே அளவு தேய்ந்துதான் இருக்கும், அடுத்த வாரம் அதன் முறை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். சாதாரண சைக்கிளுக்கு வருவது 14 கேஜ், 2 மில்லிமீட்டர். சரக்கு வண்டிக்கு 13 கேஜ், 2.3 மில்லிமீட்டர் போடுங்கள். இன்னும் தடிமனாகப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள், ரொம்பத் தடித்த கம்பி கொஞ்சம்கூட நீளாது, பாரம் முழுக்க ரிம் ஓட்டையில் இறங்கி அங்கே விரிசல் விடும்.

கோட்டம் எடுப்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மயிலாப்பூரில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சைக்கிள் பார்க்கிற ஒரு பெரியவர். கருவி எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார், ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டிச் சத்தம் கேட்பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் பேச வேண்டும், டொக் என்று மந்தமாகக் கேட்பது தளர்ந்தது. புதுக் கம்பி போட்டு ஒரு வாரம் ஓட்டியதும் கட்டாயம் இன்னொரு தடவை இறுக்க வேண்டும். அதற்கு அப்புறம் எனக்கு நாலு வருஷத்தில் உடைந்தது ஒரே ஒரு கம்பி.

கோயம்பேட்டில் காய்கறி எடுப்பவர்: சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. மேம்பாலம் ஏறினால் பாதியில் மொத்தமாக ஆஃப் ஆகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் திரும்ப வருகிறது. டிஸ்பிளேயில் பாதிக்கு மேல் சார்ஜ் காட்டுகிறது.

மோட்டார் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் சார். முதலில் பேட்டரி கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். ஏறி முடித்தவுடன் சூடாக இருந்தால் பின் தளர்ந்திருக்கிறது, கருத்திருக்கும், மாற்றினால் முடிந்தது.

கனெக்டர் நன்றாக இருந்தால் பேட்டரிக்குள் ஒரு வரிசை பலவீனம். 48 வோல்ட் பேட்டரியில் 13 வரிசை செல்கள் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியில் அளந்தபோது 12 வரிசை 3.68 வோல்ட், ஒன்று மட்டும் 3.31. கூட்டினால் 47.5 வருகிறது, டிஸ்பிளே அந்த மொத்தத்தைத்தான் பார்க்கும், அதனால் அதற்கு எல்லாம் சரி. மேடு ஏறும்போது 15 ஆம்பியர் இழுத்தால் அந்த ஒரு வரிசை மட்டும் சட்டென்று 3 வோல்ட்டுக்குக் கீழே விழும், உள்ளே செல்களைக் கண்காணிக்கிற பிஎம்எஸ் என்ற சர்க்யூட் பலகை பாதுகாப்புக்காக மொத்தத்தையும் அணைத்துவிடும்.

கடையில் வரிசைகளை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் என்றால் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, பச்சை விளக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. நிறைய பிஎம்எஸ் உச்சியில்தான் வரிசைகளைச் சமன் செய்யும். வித்தியாசம் அதற்கு மேல் என்றால் செல் போய்விட்டது. பழைய செல்களோடு இரண்டு புதுசைச் சேர்த்து ஒட்டித் தருகிறேன் என்பார்கள், அது கொஞ்ச நாளில் மறுபடி ஏறுமாறாகிவிடும். ஸ்க்ரூடிரைவரோடு நீங்களே திறக்கவும் வேண்டாம், அந்தப் பெட்டிக்குள் ஒரு ஷார்ட் ஆனால் கை வெந்துவிடும்.

தி.நகர்: அக்னி நட்சத்திரத்தில் பேட்டரியை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? தினமும் ஃபுல் சார்ஜ் ஏற்றலாமா?

மதியம் ஓட்டி வந்ததும் சார்ஜரைச் சொருகாதீர்கள். லித்தியம் செல் 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது, மே மாசம் வெயிலில் நின்ற கருப்புப் பெட்டி அதைத் தாண்டிப் போகும். கழற்றி நிழலில் ஒரு மணி நேரம் வையுங்கள், கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும் போடுங்கள். வண்டியை நிறுத்தும் இடத்தில் நிழல் இல்லை என்றால் பேட்டரியைக் கூடவே எடுத்துப் போங்கள்.

13 வரிசை பேட்டரி முழுசாக ஏறினால் 54.6 வோல்ட். நான் 52.5 பக்கம் நிறுத்திவிடுவேன், மாசம் ஒரு தடவை மட்டும் முழுசாக. சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்து இருப்பதுதான் செல்லைச் சீக்கிரம் கிழமாக்கும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதியில் வைத்துவிட்டுப் போங்கள். உங்களுடையது லெட் ஆசிட் என்றால் எல்லாம் தலைகீழ், அதை எப்போதும் முழுசாகவே வைத்திருக்க வேண்டும்.

சார்ஜரை மாற்றிப் போடாதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்கிற எல்எஃப்பி வகை 48 வோல்ட் பேட்டரிக்கு 58.4 வோல்ட் சார்ஜர் வரும், பிளக் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதை 54.6 பேட்டரியில் போட்டால் தடுக்க பிஎம்எஸ் ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் சார்ஜர் மேல் வோல்ட்டை மார்க்கரில் பெரிசாக எழுதி வைத்திருக்கிறேன். இன்னொன்று, வாசல் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். ஏதாவது ஆனால் ஓட வேண்டிய வழி அதுதான்.

மடிப்பாக்கம்: மழைத் தண்ணீரில் ஓட்டலாமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது, பேட்டரி காய்ந்ததும் வேலை செய்தது.

மழையில் ஓட்டலாம். தேங்கிய தண்ணீரில் சக்கரத்தின் நடு அச்சுக்குக் கீழே இருக்கிறவரை பரவாயில்லை. 20 அங்குலச் சக்கரத்தில் அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான், பள்ளத்தில் இறங்கினால் நிமிஷத்தில் தாண்டிவிடும். ஒயர் எங்கே மோட்டாருக்குள் போகிறதோ அதற்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு தொய்வு விடுங்கள், தண்ணீர் ஒயர் வழியாக வழிந்து அந்தத் தொய்வில் சொட்டிவிடும், உள்ளே போகாது. இந்த ஒரு வேலைக்குக் காசே ஆகாது.

மூழ்கிய மோட்டாரைத் திறந்து காயவைத்து, கிரீஸ் மாற்றி, பேரிங் பார்த்து மீட்கலாம். பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளத்தில் சாக்கடையும் கலந்து வரும், உள்ளே நுழைந்த ஈரமும் உப்பும் பிஎம்எஸ் பலகையைப் பல மாதம் கழித்துக்கூட அரித்து ஷார்ட் ஆக்கும். இத்தனை நாள் ஓடியதே என்று இன்னும் அதை வீட்டுக்குள் சார்ஜ் செய்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். வெளியே, எரிகிற பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, விற்ற கடையிடமோ தயாரித்த நிறுவனத்திடமோ கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர்: மீன்பாடி வண்டியில் ஹப் மோட்டார் போடலாமா, இரண்டு சக்கரக் கார்கோ நல்லதா?

அண்ணா, மூன்று சக்கரத்தில் மோட்டார் வைத்துச் சரக்கு ஏற்றினால் அது இ-கார்ட் வகைக்குள் வந்துவிடும், பதிவும் லைசென்ஸும் வேண்டும். அதையெல்லாம் எடுத்து முறையாகப் போவது என்றால் தாராளமாகப் போங்கள், 150 கிலோவுக்கு மேல் மீன் என்றால் அதுதான் சரி. 60, 70 கிலோவுக்குள் என்றால் இரண்டு சக்கரம் போதும், சந்தில் நுழையும்.

உங்களுக்கு எதிரி ஐஸ் தண்ணீர். மீன் பெட்டியில் ஒரு மூலையில் ஓட்டை போட்டு டியூப் சொருகி, சக்கரத்துக்குப் பின்னால் தரையில் விழுகிற மாதிரி விடுங்கள். பெட்டிக்கு அடியில், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலரை வைக்கவே கூடாது, பேட்டரி உங்கள் கால்களுக்கு நடுவில், ஃபிரேமில். கனெக்டர் உள்ளே கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், ஈரத்தைத் தடுக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், அந்த அழுத்தம் பேரிங்குக்குள்ளேயே தண்ணீரைத் தள்ளிவிடும்.

அடையார், இரண்டு குழந்தைகளின் அம்மா: இருவரையும் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கூட்டிப் போக ஆசை. ஏற்றும்போது சாய்ந்துவிடுமோ என்று பயம்.

பயம் நியாயமானது. வண்டி பெரும்பாலும் விழுவது நிற்கும்போதுதான், ஓடும்போது இல்லை. இரண்டு கால் அகலமாக விரிகிற ஸ்டாண்ட் வாங்குங்கள், பக்கவாட்டு ஸ்டாண்ட் இதற்கு ஆகாது. நான் அக்கா பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது செய்வது இது: ஸ்டாண்ட் போட்டு, சுவிட்சை அணைத்து, முன் பிரேக் பிடியை ஒரு தடித்த ரப்பர் வளையத்தால் கட்டிவிடுவேன். அதற்குப் பிறகுதான் பெரியவன் ஏறுவான், கடைசியாகச் சின்னவள். இறங்கும்போது சின்னவள் முதலில். சுவிட்சை மறக்காதீர்கள், குழந்தை கை ஆக்ஸிலேட்டரில் பட்டால் வண்டி ஸ்டாண்டிலிருந்து குதித்துவிடும்.

சக்கரத்தின் இரண்டு பக்கமும் முழுசாக மூடுங்கள். பைக்கில் வைக்கிற சேலைத் தடுப்பு போதாது, குழந்தையின் கால் விரல் போகிற இடைவெளிகூட இருக்கக்கூடாது. ஹெல்மெட் அவர்களுக்கும் உங்களுக்கும். முதல் வாரம் குழந்தைகளுக்குப் பதில் அரிசி மூட்டை வைத்து ஓட்டிப் பழகுங்கள்.

சின்னச் சின்னதாகக் கேட்டவர்களுக்கு

மேம்பாலம் இறங்கும்போது சார்ஜ் ஏறுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கியர் ஹப் மோட்டாரில் ஏறாது, உள்ளே ஃப்ரீவீல் இருக்கிறது, சக்கரம் உருளும்போது மோட்டார் சுற்றாது. கியர் இல்லாத கனமான மோட்டாரில், அதற்கேற்ற கன்ட்ரோலர் இருந்தால் கொஞ்சம் ஏறும்.

பேட்டரி மாட்டும்போது "டிக்" என்று தீப்பொறி வருவது கன்ட்ரோலர் கெப்பாசிட்டர் நிரம்புவதால். ஆபத்து இல்லை, ஆனால் பின் கருகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் தீப்பொறி தடுக்கிற எக்ஸ்டி90 கனெக்டர் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

வண்டி கிளம்பும்போது உதறுகிறதா? பெரும்பாலும் ஹால் சென்சார், மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது. சுவிட்ச் போட்டு, மெல்லிய ஐந்து ஒயர்களில் மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் கருப்போடு மீட்டரில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மூன்றும் 0க்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறிப் போக வேண்டும், மாறாதது எதுவோ அதுதான் கெட்டது. கனெக்டரில் ஈரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திருவான்மியூர்: உங்கள் முதல் பேட்டரி எவ்வளவு நாள் வந்தது?

நாலு வருஷமும் சில மாதமும். வாங்கிய புதிதில் மாவு பாரத்தோடு ஒரு சார்ஜில் 42 கிலோமீட்டர் போனது, கடைசியில் 25. என் தினசரிச் சுற்று 20 கிலோமீட்டர், அதனால் 25க்கு வந்ததுமே புதுசு சொல்லிவிட்டேன். நடுரோட்டில் நின்றால் 60 கிலோவோடு மிதித்து வர முடியாது, மாவும் புளித்துவிடும். பழையதைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன், புதுசின் விலையில் கொஞ்சம் கழித்தார்கள். புது பேட்டரியின் மேல் வாங்கிய தேதியையும், முதல் நாள் ஓடிய தூரத்தையும் எழுதி டேப் ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே பாதையில் அதே பாரத்தோடு ஓட்டிப் பார்த்து, அதற்குக் கீழே அடுத்த எண்ணை எழுதுகிறேன்.