வீடியோ போட்டாச்சு, பசங்க பார்க்கலையே!

கேள்வி: வணக்கம் சார். இன்ஜினியரிங் காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் எடுக்கறேன். இந்த வருஷம் மூணு செக்ஷனை ஒண்ணா சேர்த்து ஒரே ஹால்ல 180 பேர், பாதி ஆன்லைன் பாதி நேர்லன்னு நடத்த சொல்லிட்டாங்க. ராத்திரி கண்ணு முழிச்சு 50 நிமிஷ வீடியோவா ரெக்கார்ட் பண்ணி போட்டேன், பத்து பேர்கூட முழுசா பார்க்கல, க்ளாஸ்ல திரும்ப அதையே நடத்தறேன். என்ன செய்யறது?
- கோவை வாசகி

பதில்: மேடம், திரும்ப நடத்தறதை நாளைக்கே நிறுத்திடுங்க. க்ளாஸ்ல எப்படியும் சொல்லிடுவாங்கன்னு தெரிஞ்சா நல்லா படிக்கற பிள்ளையே வீட்ல பார்க்காது.

அப்புறம் நீளம். எட்எக்ஸ்னு ஒரு ஆன்லைன் படிப்பு தளம், அதோட பாடங்கள்ல 69 லட்சம் தடவை வீடியோ பார்த்த பதிவுகளை வச்சு 2014ல ஆராய்ச்சி வந்துச்சு, வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும் பாதிப் பேராவது 6 நிமிஷத்துக்கு மேல நிக்கல. அதனால ஒரு வீடியோல ஒரே ஒரு விஷயம், கூட ரெண்டு கேள்வி, க்ளாஸுக்கு முந்தின ராத்திரிக்குள்ள பதில் போட்டா இன்டர்னல்ல கொஞ்சம் மார்க். டேட்டா தீந்துபோற பசங்களுக்கு அதையே ஒரு பக்க நோட்ஸா ஜெராக்ஸ் போட்டு குடுத்துடுங்க.

இப்ப அந்த 180 பேர் ஹால். எனக்கு முக்கியமா படறது இதுதான். ஹார்வர்ட்ல எரிக் மசூர்னு ஒரு பிசிக்ஸ் பேராசிரியர், நல்லா நடத்தறார்னு பேர் எடுத்தவர், ஒருநாள் நியூட்டன் விதி பத்தி சாதாரண கேள்விகளா ஒரு டெஸ்ட் வச்சா, நீங்க சொல்லித்தந்தபடி எழுதணுமா இல்ல நான் நினைக்கறபடியான்னு ஒரு ஸ்டூடன்ட் கேட்டிருக்காங்க. நடத்தினது மனசுல ஏறவேயில்லைன்னு ஆடிப்போய் 1991லேர்ந்து முறையையே மாத்தினார். அந்த முறையை நீங்களும் செஞ்சு பாருங்க: லாரியும் சின்ன காரும் மோதுது, எது மேல விசை அதிகம்? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கலர்னு வச்சிடுங்க, ஒரு நிமிஷம் தனியா யோசிச்சு ஆளுக்கொரு கலர் அட்டையை தூக்கட்டும். 30லேர்ந்து 70 சதவீதம் பேர் சரின்னா நீங்க வாயே திறக்காதீங்க, பக்கத்துல வேற கலர் தூக்கினவங்ககிட்ட பேசி புரிய வைக்க சொல்லுங்க, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு மறுபடி அட்டை. இப்பதான் புரிஞ்சுகிட்ட பையனுக்கு எங்க குழம்பும்னு நம்மளவிட நல்லா தெரியும். 30க்கு கீழ போச்சுன்னா நீங்க விளக்குங்க, 70க்கு மேலன்னா அடுத்த கேள்வி.

பசங்க "மேடம் ஒண்ணுமே நடத்தறதில்ல"ன்னு சொல்லுவாங்க, மனசு விட்டுடாதீங்க. ஹார்வர்ட் பிசிக்ஸ் க்ளாஸ்லயே இதைப் பார்த்தாங்க, 2019ல வந்த ஆய்வு, இப்படி படிச்சவங்க டெஸ்ட்ல கூட மார்க் வாங்கினாங்க ஆனா கம்மியா கத்துகிட்ட மாதிரிதான் அவங்களுக்கு தோணிருக்கு. இதை முதல் வாரமே பசங்ககிட்ட சொல்லிடுங்க. எச்ஓடி (துறைத் தலைவர்) கேட்டா 225 ஆய்வுகளை சேர்த்துப் பார்த்த 2014 அறிக்கையை காட்டுங்க, வெறும் லெக்சர்ல சுமார் 34 சதவீதம் ஃபெயில், பசங்களை பங்கெடுக்க வச்ச க்ளாஸ்ல 22.

முதல்ல ஒரு யூனிட் மட்டும் இப்படி எடுங்க. 180 பேரும் ஒரே நேரத்துல பேசுவாங்க, பக்கத்து ஹால்ல எடுக்கறவங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வச்சிடுங்க மேடம்.