பதில்: கணக்குப் போட்டால் காட்டை வெட்டுவதே லாபம் என்று வருகிறது, எங்கே தவறு?

காட்டை வைத்திருப்பதா, வெட்டித் தோட்டமாக்குவதா என்று 50 ஆண்டுக்கு எக்செல் கணக்குப் போட்டீர்கள். 10% தள்ளுபடி விகிதத்தில் (எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் குறைக்கும் விகிதம்) வெட்டுவதே ஜெயிக்கிறது என்கிறீர்கள். ஃபார்முலா சரிதான், விகிதம்தான் வேலையைக் காட்டியிருக்கிறது. 50-ஆம் ஆண்டில் கிடைக்கும் 100-க்கு இன்றைய மதிப்பு 10%-இல் வெறும் 0.85, 3%-இல் 22.8.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். அந்த 10% பணவீக்கம் சேர்ந்த வங்கி வட்டியா? காட்டின் பலன்களை இன்றைய விலையில் எழுதிவிட்டு அதைப் போட்டால் பணவீக்கத்தை ஒரு பக்கம் மட்டும் கழிக்கிறீர்கள். பணவீக்கம் 6% என்றால், அதை நீக்கிய விகிதம் 1.10 ÷ 1.06 − 1 = 3.77%. இதை மாற்றினாலே 0.85 என்பது 15.7 ஆகிவிடும்.

நீர், மண்காப்பு போன்ற பலன்களை 50 ஆண்டும் ஒரே மதிப்பில் இழுக்காதீர்கள். காடு அரிதாக ஆக அவற்றின் மதிப்பு ஏறும். ஆண்டுக்கு 2% ஏற்றம் கொடுத்துப் பாருங்கள். பிறகு 1.4%, 3%, 5% மூன்றிலும் ஓட்டுங்கள். (1.4% என்பது காலநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றிய 2006 ஸ்டெர்ன் அறிக்கையின் எண். மிகக் குறைவு என்று பொருளியலாளர் நார்ட்ஹாஸ் எதிர்த்தார். அந்தச் சண்டை கணிதத்தைவிட, வருங்காலத் தலைமுறைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்ற அறத்தைப் பற்றியது.)

விகிதத்தைக் குறைத்தாலும் ஒரு சிக்கல் தீராது. வட்டியைவிட மெதுவாகப் பெருகும் உயிரினத்தை அடியோடு பிடித்துத் தீர்ப்பதே உரிமையாளருக்கு லாபமாகலாம் என்று திமிங்கில வேட்டையை வைத்து கணிதவியலாளர் காலின் கிளார்க் 1973-இலேயே காட்டிவிட்டார். எனவே, மீளாத இழப்பைக் கூட்டலுக்குள் நுழைக்காமல், ‘காடு இத்தனை ஹெக்டேருக்குக் கீழே போகக்கூடாது’ என்று தனி வரம்பாக வையுங்கள்.